சிவப்புக் கொய்யா

அம்மா கடித்து வைத்திருந்த கொய்யாத் துண்டில், கடித்த இடம் மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது.

"சிவப்புக் கொய்யாவாம்மா?"

"ஆமாண்டா. உள்ள பாதி சிவப்பு."

பாதி சிவப்பான கொய்யாவை நான் பார்த்ததில்லை. தட்டில் இருந்த மற்ற துண்டுகள் எல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. ஒன்றை எடுத்து நானும் கடித்துப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. அம்மா முந்தானையால் வாயை ஒற்றிக்கொண்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

2022 ஆடி மாதம் அது. நான் சென்னையிலிருந்து மன்னார்குடிக்கு இரண்டு நாள் போயிருந்தேன். அதற்கு முந்தைய தீபாவளிக்கு அவள் சுட்ட முறுக்கை அவளே தின்னவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடலை மிட்டாய் போயிருந்தது. சப்பாத்தி ரசத்தில் ஊற ஆரம்பித்திருந்தது. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வதை வெட்கம் என்றே நினைத்திருந்தோம்.

அம்மாவுக்கு 11 வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. தொண்டை வலியில் தொடங்கி, மூட்டுகளில் இறங்கி, கடைசியில் இதயத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் காய்ச்சல். 21 நாளுக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போட்டே பள்ளிப் பருவத்தைக் கழித்தாள். 2010இல், ஐம்பது வயதில், சென்னையில் இதயத்தின் இடப் பக்கத்து மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். ராத்திரி ஃபேனை நிறுத்தினால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கே டிக் டிக் என்று கேட்கும். என் மகள் அதைப் 'பாட்டி கடிகாரம்' என்பாள். அந்த வால்வில் ரத்தம் கட்டாமலிருக்க தினமும் ராத்திரி அசிட்ரோம் மாத்திரை. மாதம் ஒரு முறை ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும்: ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண், ரொம்ப ஏறினால் ரத்தம் கசியும், இறங்கினால் வால்வில் கட்டும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'பி.டி. பார்க்கிறது'. 2014இல் சர்க்கரை வந்து சேர்ந்தது. அப்புறம் ரத்த அழுத்தம், அதற்கு அம்லோடிபின்.

2010இல் அறுவைக்குத் தேதி கொடுப்பதற்கு முன் அந்த மருத்துவமனையில் முதலில் அனுப்பிய இடமே பல் டாக்டரிடம்தான். பல் டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் நெஞ்சைத் திறப்போம் என்றார்கள். இரண்டு சொத்தைப் பல்லைப் பிடுங்கி, காரையைச் சுரண்டி, ஈறு சுத்தம் என்று சீட்டு வாங்கிய பிறகே அட்மிஷன். வால்வு வைப்பதற்கு முன் அத்தனை பேர் அந்த வாயைத் திறந்து பார்த்தார்கள். வைத்த பிறகு பன்னிரண்டு வருடம் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. கால் பார்த்தார்கள், கண்ணில் மருந்து விட்டு விழித்திரை பார்த்தார்கள், சிறுநீரில் புரதம் பார்த்தார்கள். 'ஆ காட்டுங்க' என்று சொன்னவர் காய்ச்சலுக்குப் பார்க்கும் தெரு முனை டாக்டர் மட்டும்தான். அவரும் தொண்டையைத்தான் பார்த்தார்.

முன்பு ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. பல்லைச் சுற்றி ஈறு ஒரு காலர் மாதிரி ஒட்டியிருக்கிறது. நல்ல ஈறில் அந்தக் காலருக்கும் பல்லுக்கும் நடுவே ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் இடுக்கு. ஈறு நோயில் அது ஆழமாகிப் பையாகிறது. பையின் உள்சுவர் புண். முப்பது பல்லிலும் இருக்கிற இந்தப் புண்ணையெல்லாம் பிரித்து விரித்தால் உள்ளங்கை அளவு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2001இல் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், அது மிகை, 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர்தான் என்றார்கள். தான் என்ன தான்! முழங்காலில் அந்த அளவு திறந்த புண் இருந்தால் ஒரு சர்க்கரை நோயாளியை டாக்டர் வீட்டுக்கு அனுப்புவாரா?

அந்தப் புண் வழியாக வாயில் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் ரத்தத்தில் ஏறுகின்றன. நமக்கெல்லாம் ஏறுகின்றன, சில நிமிடங்களில் உடம்பு துடைத்துவிடுகிறது. செயற்கை வால்வு இருப்பவருக்கு அது போய் ஒட்டிக்கொள்ள ஒரு திண்ணை இருக்கிறது. ஒட்டிவிட்டால் எண்டோகார்டைட்டிஸ், இதயத்தின் உள்ளேயே கிருமித் தொற்று. வாரக்கணக்கில் நரம்பு ஊசி, சில நேரம் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும், சில நேரம் அதற்கும் அவகாசம் இருக்காது. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முன்கூட்டியே கிருமிக்கொல்லி மருந்து கொடுக்காமல் பல் பிடுங்கியவர்களில் 60 சதவீதம் பேர் ரத்தத்தில் எண்டோகார்டைட்டிஸை வரவழைக்கக்கூடிய கிருமிகள் இருந்தன. வெறுமனே பல் துலக்கியவர்களில் 23 சதவீதம். பல் பிடுங்குவது வாழ்நாளில் சில தடவை, துலக்குவது தினம். ரத்தம் கசியும் ஈறோடு தினமும் துலக்கிய அம்மா பன்னிரண்டு வருடம் தப்பியது எப்படி என்று இப்போது யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

கொய்யா விஷயம் நடந்து மூன்று வாரத்தில் கடைவாய்ப்பல் வலிக்க ஆரம்பித்தது. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்துப் பார்த்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கொடுக்கும், மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்ற இரண்டு நம்பிக்கைகளும் அவளுக்கு உண்டு. முதலாவது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பிறகு விளங்கியது. எலும்பு கரைந்து ஆடுகிற பற்களைக் கல் மாதிரி இறுகிய காரை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும். காரையை எடுத்தால் அது வரை ஒளிந்திருந்த ஆட்டம் வெளியே தெரியும். பழி டாக்டர் மேல் விழும். இரண்டாவது நம்பிக்கைக்கு அடியில் அப்படி எதுவும் இல்லை.

வலி தாங்காமல் மருந்துக் கடையில் போய் "பல் வலிக்கு ஏதாவது குடுங்க தம்பி" என்று கேட்டிருக்கிறாள். கடைப் பையன் வழக்கமாகக் கொடுக்கும் கட்டைக் கொடுத்தான்: மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி, கூட ஒரு வலி மாத்திரை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. மெட்ரோனிடசோல், உடம்பு அசிட்ரோமைச் சிதைத்து வெளியேற்றும் வழியை அடைத்துவிடும். அதே ஒரு மாத்திரை இரண்டு மாத்திரை மாதிரி வேலை செய்யும். வலி மாத்திரை தன் பங்குக்கு வயிற்றையும் ரத்தத் தட்டணுக்களையும் பார்த்துக்கொள்ளும். நான்காம் நாள் விடிகாலை அப்பா போன் செய்தார். தலையணை உறை முழுக்க ரத்தம். மைட்ரல் உலோக வால்வுக்கு ஐ.என்.ஆர். 2.5க்கும் 3.5க்கும் நடுவே இருக்க வேண்டும். அம்மாவுக்கு அன்று 6.4. தஞ்சாவூரில் நான்கு நாள் படுக்க வைத்து, தினம் ரத்தம் எடுத்துப் பார்த்து, 3க்கு இறக்கினார்கள். தலையில் கசிந்திருந்தால் என்று டூட்டி டாக்டர் ஆரம்பித்தார். அப்பா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வலி மாத்திரையைத் தூக்கிப் போட்டாயிற்று. ஆனால் பல் அப்படியே இருந்தது. அதைப் பிடுங்க நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுத வந்தேன்.

முதல் பல் டாக்டர், வாயைப் பார்ப்பதற்கு முன்பே மாத்திரைச் சீட்டைப் பார்த்தார். "அசிட்ரோமை அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, எதற்கும் கேட்போம் என்று இதய டாக்டருக்கு போன் போட்டேன். அவர் பத்து வருடமாகக் கத்திப் பார்த்ததில்லை. அன்று கத்தினார். "வாயில ரத்தம் வந்தா பஞ்சு வெச்சு அமுக்கலாம் சார். வால்வுல கட்டிக்கிச்சுன்னா எதை வெச்சு அமுக்குவீங்க?"

இரண்டாவது பல் டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. 'இதய டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: பல் எடுக்கலாமா? இதய டாக்டர் அதன் கீழேயே எழுதினார்: உரிய எச்சரிக்கையுடன் எடுக்கலாம். திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உரிய எச்சரிக்கை என்றால் என்ன என்று போட்டிருக்கிறதா என்று கேட்டார். போட்டிருக்கவில்லை. "நமக்கெதுக்கு ரிஸ்க், பெரிய ஆஸ்பத்திரியில பார்த்துக்குங்க" என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் இதயப் பிரிவு உண்டு, பல் பிரிவு வாரத்தில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் சர்க்கரை 280 இருந்தது. சர்க்கரையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்றார்கள். ஈறில் சீழ் இருக்கும் வரை சர்க்கரை இறங்காது, சர்க்கரை இறங்கும் வரை சீழைத் தொட மாட்டோம். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதை.

அவர்களைத் திட்டி எழுதுவது சுலபம். எனக்கு முழுக் கோபமும் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாசலில் கல் விழும் ஊரில், ஒற்றை ஆளாக கிளினிக் நடத்துகிறவர் பயப்படத்தான் செய்வார். பல் டாக்டருக்கு இதயம் தெரியாது, இதய டாக்டருக்குப் பல் தெரியாது என்பதும் இல்லை. இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே இல்லை. நடுவில் மருத்துவம் படிக்காத நான் ஒரு துண்டுச் சீட்டோடு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். கல்லூரி என்றதும் பையன்கள் வைத்துப் பழகுவார்கள் என்று அம்மா பயந்தாள். பழகத்தான் செய்தார்கள், ஆனால் அவர்களுக்கு நேரம் இருந்தது. ஈறு நோய்ப் பிரிவில் முதுநிலை படிக்கும் ஒரு பெண், அம்மாவின் மாத்திரைப் பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் படித்து எழுதவே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு மெல்லிய கம்பி. நுனியில் மில்லிமீட்டர் கோடுகள். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் அதை ஈறுக்குள் இறக்கி, எண்ணைச் சொல்லச் சொல்ல இன்னொரு மாணவர் எழுதினார். "மூணு, ரெண்டு, மூணு. நாலு, ஆறு, அஞ்சு. ஏழு, ஏழு, எட்டு, ரத்தம்." ஏலக்கடை மாதிரி இருந்தது. எட்டு மில்லிமீட்டர் என்றால் என் சுண்டுவிரல் நகத்தின் நீளம். வாயைத் திறந்தபடியே அம்மா கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பி, எது நல்ல எண் என்று கேட்பது போலப் பார்த்தாள்.

"அம்லோடிபின் எத்தனை வருஷமா சாப்பிடுறீங்கம்மா?" என்றார் அந்தப் பெண். முன்பற்களுக்கு நடுவே ஈறு உப்பி, மாதுளை முத்து மாதிரி துருத்திக்கொண்டிருந்ததை நாங்கள் வயசு என்று நினைத்திருந்தோம். ரத்த அழுத்தத்துக்கான அந்த மாத்திரை சிலருக்கு ஈறை வளர்த்துவிடுமாம், அழுக்கு சேர்ந்த வாயில் இன்னும் அதிகமாக. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயினும், சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரினும் இதைச் செய்யும். வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்பதைத் தன் கடிதத்தில் ஒரு கேள்வியாகச் சேர்த்தார்.

அந்தக் கடிதத்தின் நகலை இன்னும் வைத்திருக்கிறேன். பல் எடுக்கலாமா என்று அதில் கேட்கவே இல்லை. என்ன வால்வு, எந்த இடம்? ஐ.என்.ஆர். இலக்கு எவ்வளவு, கடைசி மூன்று அளவுகள் என்ன? அசிட்ரோமை நிறுத்தாமல் ஒரே ஒரு பல் எடுக்க உத்தேசம், 24 மணி நேரத்துக்குள் எடுத்த ஐ.என்.ஆர். 3.5க்குள் இருந்தால் ஆட்சேபம் உண்டா? வால்வில் கிருமி ஒட்டாமலிருக்க ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம் கொடுக்கலாமா, பெனிசிலின் ஒவ்வாமை உண்டா? அம்லோடிபினுக்குப் பதில் வேறு கொடுக்க வழியுண்டா? இதய டாக்டர் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் ஐந்துக்கும் பதில் எழுதினார். "யாரு எழுதினது இது? படிச்ச புள்ள" என்றார்.

காத்திருந்த பெஞ்சில்தான் உண்மையான பாடம் நடந்தது. டயாலிசிஸில் இருக்கும் ஒரு பெரியவர், டயாலிசிஸ் அன்றைக்கு ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் போடுவதால் மறுநாள்தான் பல்லைத் தொடுவார்கள் என்றார், ரயில் டைம் சொல்வது மாதிரி. மார்பகப் புற்று எலும்புக்குப் பரவிய ஓர் அக்கா, எலும்பு அரிக்காமலிருக்கப் போடும் ஜோலெட்ரோனிக் அமில ஊசி ஆரம்பிப்பதற்கு முன் கெட்ட பற்களையெல்லாம் எடுத்துவிட வந்திருந்தார். அந்த ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் சிலருக்குக் குழி ஆறாமல் தாடை எலும்பே வெளியே தெரியும். 2003இல்தான் மருத்துவ உலகம் இதைக் கவனித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி செய்த தொழிலாளர்களின் தாடை இப்படித்தான் அழுகியது. அந்த அக்காவை முன்கூட்டியே அனுப்பிய புற்று டாக்டரை நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

அம்மாவுக்கு வேறொரு குறை. "உங்க பெரியப்பா வெத்தலை போடாத நாளே கிடையாது, பிரஷ்ஷைத் தொட்டதே இல்ல. எண்பது வயசுல கரும்பு கடிச்சார். நான் என்ன பாவம் பண்ணேன்?" இதற்கு ஒரு பதில் உண்டு, அது இலங்கை மலையகத்திலிருந்து வருகிறது. 1970இல் ஹரால்ட் லோ என்ற நார்வே பல் மருத்துவர், தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களின் வாயை ஆராயத் தொடங்கினார். பல் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவமோ இல்லாத தமிழ்த் தொழிலாளர்கள். பதினைந்து வருடம் திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள். எல்லோர் வாயிலும் அழுக்கு, எல்லோர் ஈறிலும் வீக்கம். ஆனால் சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு வேகமாக அழிந்தது. 81 சதவீதம் பேருக்கு நிதானமாக. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியப்பா அந்தப் பதினொன்றில் ஒருவர். ஈறு நோய் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை உலகப் பாடப்புத்தகங்கள் கற்றுக்கொண்டது நம் ஆட்களின் வாயைப் பார்த்துத்தான். புத்தகத்தில் அவர்கள் சதவீதமாக இருக்கிறார்கள். இதே லோ 1993இல் ஈறு நோயைச் சர்க்கரையின் ஆறாவது சிக்கல் என்று எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு என்று அடுக்கும்போது ஐந்தோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை.

பல் எடுத்த நாள் ஒரு புதன்கிழமை. முதல் நாள் ஐ.என்.ஆர். 2.8. காலையில் இட்லி சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் வரச் சொன்னார்கள். வெறும் வயிற்றில் வந்து நாற்காலியில் சர்க்கரை இறங்கிவிடக் கூடாதாம். ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் 500 மில்லிகிராம் கேப்சூல் நான்கு. (இதைப் படித்துவிட்டு வீட்டில் நாலு கேப்சூலை விழுங்கிவிடாதீர்கள். செயற்கை வால்வு இருப்பவர்கள், ஏற்கெனவே எண்டோகார்டைட்டிஸ் வந்தவர்கள், சில பிறவி இதயக் கோளாறுக்காரர்கள் என்று மிகச் சிலருக்கே இது தேவை. 2007இல் அமெரிக்க இதயச் சங்கம் அந்தப் பட்டியலை வெட்டிக் குறைத்தது.) பத்து மணிக்கு மரத்துப் போக ஊசி. பல் ஏற்கெனவே ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்ததால் ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. குழியில் பஞ்சு போல ஒரு ஜெலட்டின் துண்டை வைத்து, இரண்டு தையல் போட்டு, ரத்தக் கசிவை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கடிக்கச் சொன்னார்கள். அதே மருந்தில் இரண்டு நாள் வாயை அலசச் சொன்னார்கள், கொப்பளிக்காமல், சும்மா நிறுத்தி வைத்து வழிய விட. மதியம் வரை அங்கேயே உட்கார வைத்தார்கள். ரத்தம் நின்றிருந்தது. ஆறு வாரம் நாங்கள் அலைந்தது ஒரு நிமிட வேலைக்கு.

ராத்திரி ஆறிய மோர் சாதத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, வழக்கம்போல அசிட்ரோம் போட்டுக்கொண்டு படுத்தாள். நான் ராத்திரி முழுக்க டார்ச் அடித்துத் தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "டிக் டிக் கேக்குதா? அப்போ தூங்கு" என்றாள்.

அதற்கப்புறம் ஈறுக்குள் ஆழமாகச் சுரண்டுவது. ஒரு தடவைக்கு வாயின் கால் பகுதி, மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் ஐ.என்.ஆர்., நான்கு கேப்சூல். அம்லோடிபின் நின்று மூன்று மாதத்தில் மாதுளை முத்து சுருங்க ஆரம்பித்தது. மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. 9.1லிருந்து 8.3க்கு வந்தது. ஈறைச் சரி செய்தால் சராசரியாக 0.4 புள்ளி இறங்குகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறார்கள். மீதி 0.4க்குக் காரணம், அம்மா இப்போது மென்று சாப்பிட முடிவதால் ரசம் சாதத்தை விட்டுச் சுண்டலுக்குத் திரும்பியது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

பல்லிடுக்கில் விடும் குட்டி பிரஷ் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பால்புட்டி கழுவும் பிரஷ்ஷின் பேத்தி மாதிரி இருக்கும். முதல் வாரம் ரத்தம் வந்ததும் பயந்து நிறுத்திவிட்டாள். ரத்தம் வரும் இடத்தில்தான் விட வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னதும் மறுபடி எடுத்தாள். இரண்டாம் வாரம் ரத்தம் நின்றுபோனது. இப்போது தெருவில் யாரைப் பார்த்தாலும் "துப்பினா சிவப்பா வருதா?" என்று விசாரிக்கிறாள். அத்தைகள் இரண்டு பேர் இவளைக் கண்டால் வேறு பக்கம் போகிறார்கள்.

போன மாதம் மறுபடி அளந்தார்கள். மூணு, ரெண்டு, மூணு. மூணு, நாலு, மூணு. அம்மா விரலை மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தாள். எட்டெல்லாம் நாலாகியிருந்தது. கீழ் வலது கடைசிப் பல்லில் மட்டும் ஆறு, அப்படியே. "அது ஒண்ணு மட்டும் அடங்க மாட்டேங்குது பாரு" என்று, தறுதலைப் பிள்ளையைச் சொல்வது மாதிரி சொன்னாள். ஈறைச் சிறிது திறந்து உள்ளே சுத்தம் செய்து தைத்துவிடலாம் என்கிறார்கள். அதற்கு மறுபடி கடிதம் வேண்டும். அந்த முதுநிலைப் பெண் படிப்பு முடிந்து போய்விட்டார். இப்போது இருக்கும் பையன் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, ஈறு அறுவை செய்யலாமா என்று எழுத ஆரம்பித்தான். நான் பையிலிருந்து பழைய கடிதத்தின் நகலை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.